எண்ணூர் – பழவேற்காடு இறால் குட்டைகள்: பதிவும் நோய்த் தடுப்பும் ஒரே வேலைதான்

எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து வடக்கே பழவேற்காடு ஏரி வரை உவர்நீரைப் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. இங்கே ஒருவர் மடை திறந்து விடும் தண்ணீரை இன்னொருவர் மோட்டார் வைத்து இறைக்கிறார். அதனால் உங்கள் குட்டையில் வந்த நோய் உங்கள் கரையோடு நிற்காது. இறால் வளர்ப்புக்கு அரசு வைத்திருக்கும் விதிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

சட்டம் ஏன் வந்தது?

1994-95இல் வெண்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைப் பெரிதும் அழித்தது. நிலமும் குடிநீரும் உப்பாகிறது என்று தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பும் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது.

இச்சட்டப்படி பண்ணையைப் பதிவு செய்வது கட்டாயம். 2023 திருத்தத்தில் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது, அபராதம் உண்டு. விண்ணப்ப விவரங்களை மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

குஞ்சு வாங்கும்போது

வனாமி இறால் நம் கடல் இனம் அல்ல. 2009 முதல் அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால், சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகத்துக்குப் போகிறது. எனவே ஆணையத்தின் அனுமதி பெற்ற பொரிப்பகத்தில் மட்டும் வாங்குங்கள். வெண்புள்ளி, இஎச்பி இரண்டுக்கும் பிசிஆர் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். நோயற்ற குஞ்சு என்றால் இனி நோயே வராத குஞ்சு என்று அர்த்தம் இல்லை. தண்ணீரில் கிருமி இருந்தால் அதற்கும் தொற்றும். ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது.

தண்ணீர் ஏற்றும்போது

1. கால்வாய்த் தண்ணீரை நேரே குட்டைக்கு விடாதீர்கள். 60 மைக்ரான் வலைப்பையில் வடிகட்டித் தேக்கக் குட்டையில் நிறுத்துங்கள்.
2. அதில் 60 பிபிஎம் அளவில் ப்ளீச்சிங் பவுடர் போடுங்கள். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு இது 600 கிலோ. குளோரின் முழுதும் போன பிறகே வளர்ப்புக் குட்டைக்கு மாற்றுங்கள்.
3. நண்டு நோயைச் சுமந்து வரும். கரையைச் சுற்றி நண்டுத் தடுப்பு வலையும், மேலே பறவைக்கான கயிறும் கட்டுங்கள்.
4. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கும். தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ வாடையோ தெரிந்தால் மோட்டாரை நிறுத்துங்கள். தேக்கக் குட்டை இருந்தால்தான் இப்படிக் காத்திருக்க முடியும்.

நோய் வந்துவிட்டால்

தீவனம் எடுப்பது திடீரென்று குறையும். இறால் கரையோரம் ஒதுங்கும். ஓட்டின் உட்புறம் வெண்புள்ளி தெரியும். 3 முதல் 10 நாளில் குட்டை முழுதும் சாகலாம். இது வைரஸ் நோய்; இதற்கு மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் போட்டால் பணம்தான் போகும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை தடை செய்யப்பட்டவை. எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும்.

மடையை உடனே அடையுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே சொல்லுங்கள். விற்கும் அளவு இறால் இருந்தால் வலை போட்டுப் பிடியுங்கள். தண்ணீரை வடித்துப் பிடிக்க வேண்டாம். செத்த இறாலைச் சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதையுங்கள். தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து குறைந்தது ஒரு வாரம் தேக்கி வைத்த பிறகே வெளியே விடுங்கள். அந்தக் குட்டையில் பயன்படுத்திய வலை, வாளியை வேறு குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பெயர் கெட்டுவிடும் என்று பலர் நோயை மறைக்கிறார்கள். இரவோடு இரவாக மடை திறந்தால் அந்தக் கிருமி பக்கத்து மோட்டார் வழியாக ஊரைச் சுற்றும். அடுத்த பட்டத்தில் உங்கள் குட்டைக்கே திரும்பும். ஒரே கால்வாயில் இறைக்கும் பண்ணைக்காரர்கள் குஞ்சு விடுமுன் கூடி, தண்ணீர் ஏற்றும் நாளையும் வெளியேற்றும் நாளையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.