முகத்தில் விழுந்த குழி: கிரீம் தடவினால் நிரம்புமா?

முகத்தில் குழி இருந்தால், "அம்மை வார்த்ததா?" என்று கேட்பது ஒரு காலத்து வழக்கம். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1977-ல் அறிவிக்கப்பட்டது. இன்று இளைஞர்களின் கன்னத்தில் தெரியும் குழிகள் பெரும்பாலும் முகப்பரு விட்டுச் சென்றவைதான்.

பெண் பார்க்கப் போகும் வாலிபருக்கும், மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கும் இது பெரிய மனக்குறை. மைசூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் மருந்துக் கடையில் 'மொடவெ கலெ'க்கு ஒரு கிரீம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கன்னடத்தில் மொடவெ என்றால் பரு. கலெ என்றால் கறை, வடு. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

கறை வேறு, குழி வேறு

பரு ஆறியபின் தெரியும் கருப்பு அல்லது சிவப்புப் புள்ளி வெறும் கறை. வெயில் படாமல் காத்தால் சில மாதங்களில் பெரும்பாலும் தானே மங்கிவிடும்.

குழி அப்படியல்ல. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைத்து, உள்ளே சீழ் கோத்து அழற்சி ஆழமாகும்போது, தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் அழிகிறது. தாங்கல் போன இடத்தில் தோல் உள்வாங்குகிறது. ஆழமான குழியை மேலே தடவும் எந்தக் கிரீமும் நிரப்பாது.

குழிக்கு ஏற்ற சிகிச்சை

குழிகளை டாக்டர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

ஊசியால் குத்தியதுபோல் குறுகி ஆழமாக இருப்பது ஒன்று. இதற்குள் கடும் அமிலத்தை ஒரு துளியளவு தொட்டு வைத்துப் புதிய கொலாஜன் வளரச் செய்வார்கள். சிலவற்றை வெட்டியெடுத்துத் தையல் போடுவதும் உண்டு.

விளிம்பு செங்குத்தாக, பெட்டிபோல் இருப்பது இரண்டாவது. ஆழத்தைப் பார்த்து லேசர் அல்லது நுண்ணூசிச் சிகிச்சை தருவார்கள்.

அலைபோல் மேடு பள்ளமாக இருப்பது மூன்றாவது. தோலை இழுத்துப் பிடித்தால் இது சமமாகத் தெரியும். கீழே நார்கள் தோலைப் பிடித்து இழுப்பதே காரணம். மரத்துப்போக ஊசி போட்டு, அந்த நார்களை ஊசியாலேயே அறுத்து விடுவார்கள்.

ஒரே முகத்தில் மூன்று வகையும் இருக்கலாம். சில வார இடைவெளியில் பல தடவை போகவேண்டி வரும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். குழி ஆழம் குறையும்; முழுக்க மறைந்துவிடும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பிவிடக் கூடாது. நம்மவரின் மாநிறத் தோலில் லேசர் சூடு கருமை உண்டாக்கலாம். அனுபவமுள்ள தோல் டாக்டரிடம் செய்துகொள்வதே நல்லது. நுண்ணூசி உருளையை வாங்கி வீட்டில் உருட்டுவது கிருமியை உள்ளே அனுப்பும் வேலை.

கடைக் கிரீம் ஆபத்து

ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைத் தடவினால் முதலில் முகம் வெளுத்ததுபோலவும் பரு அடங்கியதுபோலவும் தோன்றும். பிறகு தோல் மெலிந்து, பரு முன்னிலும் அதிகமாகக் கிளம்பும். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது.

முதலில் செய்யவேண்டியது

புதுப் பரு வந்துகொண்டிருக்கும்போது குழியைச் சரிசெய்வதால் பயன் குறைவு. ஓட்டையை அடைக்காமல் கூரைக்கு வெள்ளையடிப்பது போன்றது அது. முதலில் பருவை அடக்க வேண்டும். கிள்ளுவதையும் பிதுக்குவதையும் நிறுத்த வேண்டும். கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் உண்டாகும்.

மைசூரில் கே.ஆர். ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் காட்டலாம். 1924-ல் தொடங்கிய மைசூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அரசு ஆஸ்பத்திரி அது. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளர்கள் பரு சிகிச்சைக்குத் தங்கள் டிஸ்பென்சரியில் முதலில் கேட்கலாம். டாக்டரிடம் 'கலெ' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக் குழியைக் காட்ட வேண்டும்.

பழைய குழிக்கும் சிகிச்சை உண்டு; அதற்குக் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் இன்று எழும் பருவுக்கு உடனே மருந்து போட்டால், நாளைய குழிக்குச் செலவழிக்கவேண்டி வராது.