பணம் சிக்கினால் மட்டும் போதாது

திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசு ஊழியர் ஒருவர் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டால், வழக்கு வேங்கிக்காலுக்கு வருகிறது. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் அதே ஊரில்தான் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி இவ்வழக்குகளைச் சிறப்பு நீதிபதி மட்டுமே விசாரிக்க முடியும். சென்னை, மதுரை போன்ற நகரங்களில் இதற்கெனத் தனி நீதிமன்றங்கள் உண்டு. அவை இல்லாத மாவட்டங்களில் தலைமைக் குற்றவியல் நடுவரே அந்தப் பொறுப்பையும் வகிக்கிறார்.

பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, மின் இணைப்பு என்று ஏதோ ஒரு வேலைக்குப் பணம் கேட்கப்பட்டதாக லஞ்ச ஒழிப்புத்துறைக்கு எழுத்தில் புகார் போவதுதான் தொடக்கம். 1964இல் உருவான இத்துறை, முதல் தகவல் அறிக்கை பதிந்த பிறகே பொறி வைக்கிறது. நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலின் தூளைத் தடவுகிறார்கள். வேறு துறைகளைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் இருவர் சாட்சிகள். அவர்களில் ஒருவர் புகார்தாரருடனேயே போகிறார். பணம் கைமாறியதும் ஊழியரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைக்கச் சொல்கிறார்கள். கரைசல் இளஞ்சிவப்பாக மாறினால் அதைப் புட்டியில் அடைத்து, முத்திரையிட்டு, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே, பணியிடை நீக்கம் செய்யப்பட்டதாக விதி கருதுகிறது.

மறுநாள் செய்தித்தாளில் படம் வந்ததும் ஊருக்கு வழக்கு முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்துக்கு வந்துசேரவே அதற்கு இன்னும் ஒரு படி ஏற வேண்டும். அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் கொண்டவரின் அனுமதி இல்லாமல், சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க முடியாது. இதற்கு மூன்று மாதமும், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு மாதமும் கெடு. அனுமதி தந்த அதிகாரி பின்னால் கூண்டில் ஏறி, ஆவணங்களைப் படித்துத்தான் கையெழுத்திட்டாரா என்ற குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

விசாரணையில் எல்லாம் ஒரு கேள்வியைச் சுற்றியே நிற்கிறது: ஊழியர் பணம் கேட்டாரா? மேசை இழுப்பறையில் பணம் இருந்தது, விரல் சிவந்தது என்பவை மட்டும் போதாது என்று 2014இல் ஜெயராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கேட்டதும் வாங்கியதும் நிரூபணமான பிறகே, அது லஞ்சம்தான் என்ற சட்ட அனுமானம் எழும். அதன் பிறகே இல்லை என்று காட்டும் சுமை ஊழியர்மேல் விழும். எதிர்த்தரப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குறிவைக்கிறது. கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வந்தது, வரி கட்டச் சொல்லித் தந்தார்கள், சட்டைப்பையில் திணித்துவிட்டார்கள் என்ற வாதங்கள் வருவது இதனால்தான்.

கேட்டதற்கு முதல் சாட்சி புகார்தாரர். வழக்கு கூண்டுக்கு வரும்போது ஆண்டுகள் ஓடியிருக்கும். அவருக்கோ அதே ஊர், அதே அலுவலகம், அடுத்த சான்றிதழுக்கும் அதே வாசல். விசாரணையை இரண்டு ஆண்டில் முடிக்க முயல வேண்டும், நீட்டித்தாலும் நான்கைத் தாண்டக்கூடாது என்று 2018 திருத்தம் சொல்கிறது. இந்தக் கெடுவைக் காப்பதுதான் புகார்தாரருக்குச் செய்யக்கூடிய முதல் நியாயம். அவர் பிறழ்சாட்சியானாலோ இறந்துபோனாலோ வழக்கு தானாகச் சாவதில்லை. உடன் போன சாட்சி, சூழ்நிலைச் சான்று ஆகியவற்றைக் கொண்டும் நிரூபிக்கலாம் என்று நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது.

கொடுத்ததை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகும் வழி இவ்வழக்குகளில் இல்லை. குற்றம் உறுதியானால் 7ஆம் பிரிவின்கீழ் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. தொகை ஐந்நூறோ ஐந்து லட்சமோ, மூன்றுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. சட்டம் கடுமையாக்கப்படுவதற்கு முன் நடந்த குற்றத்துக்கு மட்டும் அன்றிருந்த குறைந்த தண்டனை பொருந்தும்.

மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. மாவட்டத்தில் எழுதிய தீர்ப்பு அங்கே தலைகீழாவதும் உண்டு. அருகிலுள்ள விழுப்புரமே இதற்குச் சான்று. முன்னாள் அமைச்சர் பொன்முடியையும் அவர் மனைவியையும் வருமானத்துக்கு அதிகமான சொத்து வழக்கில் அங்குள்ள சிறப்பு நீதிமன்றம் 2016இல் விடுவித்தது. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், பொன்முடி குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைத்தது. அவர்மீதான இன்னொரு சொத்து வழக்கு வேலூருக்கு மாற்றப்பட்டு, 2023 ஜூனில் விடுதலையில் முடிந்தது. அந்த மாற்றத்தையும் தீர்ப்பையும் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு தானாக முன்வந்து மறுஆய்வுக்கு எடுத்தது. கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்றே ஒருவரை நிரபராதி என்றோ குற்றவாளி என்றோ முடிவுகட்டுவது அவசரம்.

நீதிமன்றத்தோடு ஊழியரின் கணக்கு தீர்வதில்லை. தண்டனை பெற்றவரை அரசமைப்பின் 311ஆம் பிரிவு வழியாகத் துறை விசாரணை இல்லாமலே வேலையிலிருந்து நீக்கலாம். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவர்மேலும் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(ஆ) விதிப்படி துறை நடவடிக்கை தொடர முடியும். அங்கே கேட்கப்படும் நிரூபணம் குற்றவியல் நீதிமன்றத்தைவிடத் தளர்வானது.

லஞ்சம் கேட்கப்படும் வாசகர் இதையும் அறிய வேண்டும். 2018 முதல் கொடுப்பதும் தனிக் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் குற்றவாளி ஆகமாட்டார். முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் பொறிக்காகக் கொடுப்பவர்மீதும் வழக்கு இல்லை.