தீப்பந்தச் சிலம்பம்: நெருப்பே இறுதிப் பாடம்

சித்திரா பௌர்ணமி என்றவுடன் கெடா மாநிலத்து இந்துப் பெருமக்களின் நெஞ்சில் எழுவது சுங்கைப்பட்டாணி அருள்மிகு ஸ்ரீ சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தானத்தின் பெருவிழாவேயாகும். பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத் தோட்டத்து மாரியம்மன் ஆலயங்களோ தீமிதி, தீச்சட்டி என நெருப்போடு உறவாடி வளர்ந்தவை. இரவு ஊர்வலத்தின் முன்னே, உறுமி முழங்க, இருமுனையும் எரியும் கம்பைச் சுழற்றிவரும் இளைஞரைக் கண்டு மெய்சிலிர்க்காதார் இலர்.

ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தமிழகத்திலிருந்து உடன் கொணர்ந்த கலைகளுள் சிலம்பமும் ஒன்று. விடியலில் பால் வெட்டிய கைகள் மாலையில் கம்பெடுத்தன. நிலத்தைத் தொட்டு ஆசானை வணங்குதல், பின் காலடி, பின் வீச்சு. காலும் கையும் ஒன்றிய பிறகே பந்தம். அப்போதும் உடனே தீ மூட்டுவதில்லை. முனைகளில் துணியைச் சுற்றி நீரில் நனைத்துச் சுழற்றவேண்டும். எண்ணெய் ஊறிய பந்தத்தின் பாரம் கைக்குப் பழகுவது இவ்வாறே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணம் சேர்ந்தபின், பல இடங்களில் இவ்வொழுங்கு தளர்ந்து, ஒரு மாதப் பயிற்சியோடு தீயைக் கையிலெடுக்கும் அவசரம் தலைகாட்டியுள்ளது.

ஓர் ஊர்வலத்தில் நாம் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. சுழன்ற கம்பிலிருந்து துணி கழன்று தண்ணீர்ப் பந்தலருகே எரிந்தபடி விழுந்தது. இரண்டு அடி தள்ளி ஒரு குழந்தை நின்றிருந்தது. தொண்டர் ஒருவர் ஈரச் சாக்கை எறிந்து அணைத்தார். துணியை நூலால் கட்டியதே பிழை; நூல் முதலில் எரிந்துவிடும். பருத்தித் துணியை இரும்புக் கம்பியால் இறுக்கவேண்டும்.

எண்ணெயில் விளையாட்டு வேண்டா. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குமேல் சூடேறினால்தான் பற்றக்கூடிய ஆவியை விடும்; பெட்ரோலோ உறையும் குளிரிலும் விடும். எனவே பெட்ரோலை அறவே விலக்குக. நம் ஊர் வெயிலில் வைத்த மண்ணெண்ணெய்த் தகரமும் நம்பத்தக்கதன்று. மூடி, நிழலில், தொலைவில் இருக்கட்டும். ஊறிய துணியைச் சொட்டு வடியப் பிழிந்த பின்னரே பற்றவைத்தல் வேண்டும்.

உடுப்பு பருத்தியாயிருத்தல் நன்று. மின்னும் நைலான் உடை, பட்ட மாத்திரத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வாயில் எண்ணெய் கொண்டு ஊதும் வித்தையை நாம் ஒருபோதும் ஆதரியோம். ஒரு துளி நுரையீரலுள் புகுந்தாலும் கடும் அழற்சி நேரும். சமோவாத் தீவினரின் கத்தியாட்டத்தில் தீ சேர்ந்தது 1946ஆம் ஆண்டில்தான். அங்கும் கத்தி வீச்சே அடிப்படைக் கலை, தீ பின்னர் வந்த அணி.

ஆடுவோரைச் சுற்றி 20 அடியேனும் வெட்டவெளி விட்டுக் கயிறு கட்டுதல் ஆலய நிர்வாகத்தினரின் பொறுப்பு. காற்று மிகுந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், அம்மன் கோபிக்கமாட்டாள். தீப்புண் பட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடித்து, 999ஐ அழைக்கவும். பற்பசையோ கிச்சாப்போ தடவலாகாது.

உபயகாரர்கள் கலைக்குழுவை அழைக்கையில் வெற்றிலை பாக்கோடு ஒரு கேள்வியையும் முன்வைக்கலாம்: ஈரச் சாக்கோடு நிற்கப்போகிறவர் யார்?