டாம்கேட் வழங்கியை லினக்ஸில் நிறுவுதல்

அப்பாச்சி டாம்கேட் என்பது ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் திறமூல வழங்கி ஆகும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் உருவாக்கிய இது, 1999இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளையும் கொண்ட சோத்கங்கா களஞ்சியத்திற்கு அடிப்படையான டிஸ்பேஸ் மென்பொருள் பெரும்பாலும் டாம்கேட்டின் மீதே நிறுவப்படுகிறது.

நிறுவும் முறை

முதலில் ஜாவா தேவை. டாம்கேட் 9க்கு ஜாவா 8, டாம்கேட் 10.1க்கு ஜாவா 11 அல்லது அவற்றிற்குப் பிந்திய பதிப்புகள் வேண்டும். டாம்கேட் 10இல் 'ஜாவாக்ஸ்' எனத் தொடங்கிய பொதிப் பெயர்கள் 'ஜகார்த்தா' என மாறின. எனவே பழைய செயலிகள் அதில் அப்படியே இயங்கா. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

பதிவிறக்கிய சுருக்கக் கோப்பை விரித்து, ஜாவா உள்ள இடத்தை 'ஜாவா ஹோம்' என்னும் சூழல் மாறியில் குறித்தபின் 'ஸ்டார்ட்அப்' கட்டளை நிரலை இயக்கினால், வழங்கி 8080ஆம் போர்ட்டில் செயற்படத் தொடங்கும். செயலியின் 'வார்' கோப்பை 'வெப்ஆப்ஸ்' கோப்புறையில் இட்டாலே போதும். அது தானாக விரிந்து இயங்கும்.

பாதுகாப்பு

டாம்கேட்டை ரூட் பயனராக இயக்கலாகாது. செயலியில் ஓட்டை இருப்பின், அதன் வழியே நுழைபவருக்குக் கணினி முழுவதும் வசமாகிவிடும். இதற்கெனத் தனிப் பயனர் கணக்கு உருவாக்க வேண்டும். ஆனால் லினக்ஸில் 1024க்குக் குறைந்த போர்ட்களைச் சாதாரணப் பயனர் இயல்பாகத் திறக்க இயலாது. ஆகவே 80ஆம் போர்ட்டில் அப்பாச்சி எச்டிடிபி வழங்கியை நிறுத்தி, வரும் வேண்டுகோள்களை 8080க்குத் திருப்பிவிடுவர்.