தொடங்கும்போதே அணைகிறதா லினக்ஸ்? அணைப்பது யார் தெரியுமா?

லினக்ஸ் கணினியை அணைக்க லினஸ் டோர்வால்ட்ஸின் பிறந்தநாள் உதவுகிறது, தெரியுமா? நிஜம்தான்! ஒரு நிரல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலிடம் "மின்சாரத்தை நிறுத்து" என்று கேட்டால், கூடவே இரண்டு அடையாள எண்களையும் தர வேண்டும். தவறுதலாக எதுவும் அணைத்துவிடக் கூடாதே, அதற்காக. இரண்டாவது எண் 672274793. அதைப் பதினாறு அடிமானத்தில் எழுதிப் பாருங்கள்: 28121969. லினக்ஸைப் படைத்தவர் பிறந்தது 1969 டிசம்பர் 28! அந்த எண்ணுக்குப் பதில் அவருடைய மூன்று மகள்களின் பிறந்தநாட்களும் செல்லும். என்ன அழகு பாருங்கள்!

இவ்வளவு காவல் இருந்தும் ஒரு கணினி திரை முழுதாக வருமுன்னே அணைகிறது என்றால் அணைத்தது யார்? முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இதுதான். லினக்ஸே முறைப்படி விடைபெற்றதா, அல்லது கரண்ட் போனமாதிரி பட்டென்று நின்றதா?

லினக்ஸ் அணைத்திருந்தால் பெரும்பாலும் எழுதி வைத்துவிட்டே போகும். அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை 'மைனஸ் பி மைனஸ் 1' சேர்த்துக் கொடுங்கள். போன தடவையின் பதிவு வரும். பவர் பட்டன் அழுத்தப்பட்டதாக அதில் வரி இருக்கிறதா? நீங்கள் தொடவே இல்லையே! பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். அதே பட்டன் 4 விநாடிக்கு மேல் அழுந்தியே இருந்தால் வன்பொருளே மின்சாரத்தை வெட்டிவிடும், லினக்ஸைக் கேட்கவே கேட்காது.

இன்னொன்று தெரியுமா? பதிவேடு சாதாரண வரிகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதிப்படுத்துகிறது; "வெப்பம் எல்லை மீறியது" போன்ற அபாய வரிகளை மட்டும் உடனே. அதனால் பட்டென்று நின்ற கணினியில் கடைசி வரிகள் காணாமல் போயிருக்கலாம். வரி இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது.

பிராசசரின் வெப்பம் ஆபத்தான அளவைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி அதுவே சைகை கொடுக்கும். அங்கே பிறந்தநாள் எண்ணெல்லாம் செல்லாது! காற்றாடி சுற்றுகிறதா, ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கிறதா, பிராசசருக்கும் அதற்கும் இடையே தடவிய பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மறக்காதீர்கள். மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அவை பழுதாகிவிட்டன, சந்தேகமே வேண்டாம்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று உண்டு, காசே செலவில்லை. பயாஸ் திரைக்குள் போய் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கும் அணைந்தால் லினக்ஸ் நிரபராதி!

பயாஸில் அணையாமல் நிற்கிறதா? லினக்ஸ் தொடங்குமுன் வரும் கிரப் பட்டியலில் 'இ' விசையைத் தட்டி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியிலிருந்து 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10 தட்டுங்கள். அலங்காரத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த வரிகள் எல்லாம் கொட்டும்! கண் பிடிக்க முடியாத வேகம். செல்போனில் வீடியோ எடுத்து, அணைவதற்கு முந்தைய நொடியில் நிறுத்திப் படியுங்கள்.