சேலம் சிறைத் துப்பாக்கிச் சூடு (1950)

சேலம் சிறைத் துப்பாக்கிச் சூடு என்பது 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது காவலர்கள் சுட்ட நிகழ்வாகும். இதில் 22 கைதிகள் உயிரிழந்தனர். இந்தியா குடியரசாகி 16 நாட்களே ஆகியிருந்தன. அப்போது சென்னை மாநிலத்தில் பூ. ச. குமாரசாமி ராஜா தலைமையிலான காங்கிரசு அரசு இருந்தது.

பின்னணி

இறந்தவர்களில் பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அன்று மலபார் சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம் என்பதால், அங்கு தண்டனை பெற்றவர்கள் சேலம் போன்ற தொலைவான சிறைகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

உணவுப் பஞ்சம் நிலவிய 1946 டிசம்பரில், கரிவெள்ளூர் மக்கள் தங்கள் ஊர் நெல் சிறக்கல் அரசரின் களஞ்சியத்துக்குக் கொண்டு செல்லப்படுவதைத் தடுத்தனர். காவும்பாயியில் நிலவுடைமையாளரின் காட்டு நிலத்தில் பயிரிடும் உரிமை கேட்டனர். இரண்டு இடங்களிலும் காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. போராடியவர்கள் வெள்ளையர் ஆட்சியில் கைதாயினர். 1947இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் அவர்களில் பலருக்கு விடுதலை கிடைக்கவில்லை.

1948இல் கொல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு, பி. டி. ரணதிவே தலைமையில், புதிய அரசைக் கிளர்ச்சி மூலம் எதிர்க்கும் பாதையை ஏற்றது. அரசும் அடக்குமுறையைக் கடுமையாக்கியது. பலர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். 1949இல் சென்னை மாநிலத்தில் கட்சி தடை செய்யப்பட்டது.

நிகழ்வு

கம்யூனிஸ்ட் கைதிகள் தங்களை அரசியல் கைதிகளாக நடத்தக் கோரினர். கைதிக் குல்லாய் அணியவும் கடும் உடலுழைப்புப் பணிகளைச் செய்யவும் மறுத்தனர். இந்தப் பூசல் முற்றிய நிலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சிறையில் கலவரம் மூண்டதாக அரசுத் தரப்பு கூறியது. தப்ப வழியின்றி அடைபட்டிருந்தவர்களே சுடப்பட்டதாகக் கைதிகள் தரப்பு கூறியது. காவும்பாயிப் போராட்டத்தில் பங்கேற்ற தளியன் ராமன் நம்பியாரும் ஓ. பி. அனந்தனும் இறந்தவர்களில் அடங்குவர். தமிழ்நாட்டையும் ஆந்திரப் பகுதியையும் சேர்ந்தவர்களும் உயிரிழந்தனர்.

விளைவுகள்

பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் காங்கிரசு அரசுகளைக் கடுமையாக விமர்சித்து வந்தது. 1950 மார்ச் 1 அன்று சென்னை அரசு அவ்விதழைத் தன் மாநிலத்துக்குள் வரவிடாமல் தடை செய்தது. தாப்பர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். கருத்துரிமையைப் பொது ஒழுங்கின் பெயரால் இவ்வாறு கட்டுப்படுத்த அரசியலமைப்பில் இடமில்லை என்று 1950 மே 26 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்துத் தடையை நீக்கியது. இதற்கு மறுமொழியாக, 1951இல் முதல் அரசியலமைப்புத் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்பதையும் கருத்துரிமைக்கான வரம்புகளில் சேர்த்தது. அந்த வரம்பு இன்றும் 19ஆம் உறுப்பில் உள்ளது.

கம்யூனிஸ்ட் கட்சி 1951இல் தன் பாதையை மாற்றிக்கொண்டு தேர்தலில் இறங்கியது. 1952 தேர்தலில் சென்னை சட்டமன்றத்தின் 375 இடங்களில் 62ஐ வென்றது. குமாரசாமி ராஜா தோல்வியுற்றார். 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்துடன் இணைந்தது. அடுத்த ஆண்டு அக்கட்சி ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் வாக்குச்சீட்டின் வழியே அங்கு ஆட்சி அமைத்தது.

நினைவு

பிப்ரவரி 11ஆம் நாளை இடதுசாரி இயக்கங்கள் சேலம் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கின்றன.