இலை பெறும் வடிவம்

மாவிலையையும் வேப்பிலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது பிளவுபடாத தனியிலை; பின்னது ஒரே காம்பில் பல சிற்றிலைகள் அமைந்த கூட்டிலை. தொடக்கத்தில் இரண்டும் தண்டின் நுனியில் தோன்றும் மிகச் சிறிய புடைப்புகளே. அப்புடைப்பு இன்ன வடிவம் பெறவேண்டும் என வகுப்பவை யாவை? உயிரணுக்களில் உள்ள மரபணுக்களே. ஆயினும் தனியொரு மரபணு இலையை ஆக்கிவிடுவதில்லை. பல மரபணுக்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் அதனை உருவாக்குகின்றன.

தண்டின் நுனியில் உள்ள உயிரணுக்களை இளமை மாறாது காப்பவை 'நாக்ஸ்' எனப்படும் மரபணுக்கள். இலை தோன்றவிருக்கும் இடத்தில் மட்டும் இவை அடங்கிவிடுகின்றன. அவ்வடக்கமே இலையின் தொடக்கம்.

அடுத்து, இலைக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் அமைதல் வேண்டும். மேற்புறத்துக்குரிய மரபணுக்களும் கீழ்ப்புறத்துக்குரியவையும் ஒன்றையொன்று தடுத்துத் தத்தம் எல்லையில் நிற்கின்றன. அவ்விரண்டும் கூடும் எல்லையிலிருந்தே இலை தகடாக விரிகிறது. ஸ்நாப்டிராகன் என்னும் பூச்செடியில் மேற்புறம் அமைவதற்கு வேண்டிய மரபணு ஒன்று பழுதுற்றால், சில இலைகள் விரியாமல் ஊசிபோல் நீண்டுவிடுகின்றன. இதனை எடின்பரோ ஆராய்ச்சியாளர் 1995ஆம் ஆண்டில் விளக்கினர்.

இனி, தனியிலையும் கூட்டிலையும் வேறுபடும் காரணத்தைக் காண்போம். கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த இரு சிறு செடிகள் இதற்குத் துணைபுரிந்தன. அராபிடாப்சிஸ் என்பது தனியிலை உடையது. கார்டமைன் என்பது கூட்டிலை உடையது. கார்டமைன் செடியில் 'ஆர்.சி.ஓ.' என்னும் மரபணு உண்டு. அராபிடாப்சிஸின் முன்னோர் அதனைப் பெற்றிருந்தும், பரிணாமப் போக்கில் அச்செடி அதனை இழந்துவிட்டது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இதனைப் புலப்படுத்தியது. அம்மரபணுவை இழந்த கார்டமைனின் இலை, சிற்றிலைகளாகப் பிரியாமல் தனியிலையாயிற்று. அதனைப் பெற்ற அராபிடாப்சிஸின் இலையோரமோ ஆழ்ந்து பிளவுற்றது.

இம்மரபணு சிற்றிலைகளை வளரச் செய்கிறது என்று எண்ணுவீர்கள். அன்று, சிற்றிலைகளுக்கு இடைப்பட்ட பகுதியின் வளர்ச்சியை அது தடுக்கிறது. இடைப்பகுதி அடங்கிநிற்பதால் ஏனைய பகுதிகள் தனித்தனியே வடிவம் பெறுகின்றன. எனினும் இதுவும் தனித்து வெல்வதன்று. கார்டமைனின் இளம் இலையில் நாக்ஸ் மரபணு மீண்டும் விழித்து, வளர்ச்சிக் காலத்தை நீட்டித்து, இதற்குத் துணைநிற்கிறது.

வளர்ச்சி மட்டும் வடிவத்தைத் தருவதில்லை. வளரவேண்டிய இடத்தில் வளர்தலும், அடங்கவேண்டிய இடத்தில் அடங்குதலும் சேர்ந்தே ஓர் இலையை ஆக்குகின்றன. இனி வேப்பிலையைக் காணும்போது, சிற்றிலைகளோடு அவற்றின் இடைவெளிகளையும் உற்று நோக்குங்கள்.